நோணாங்குப்பத்து நடு மனை

ஜூலை 1, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். கரண்ட் இரண்டு முறை போனது. செய்ய வேண்டியவை: ஸ்கூட்டர் பின் பிரேக். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. நெல்லித்தோப்புக்காரருக்கு வில்லங்கச் சான்று.

மூன்றில் ஒன்றும் நடக்கவில்லை. பத்து மணிக்கு அஞ்சலக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். மார்க்கெட்டில் மீன் விற்பவள். பத்து வருஷமாக அவளிடம்தான் வாங்குகிறோம். கூடை இல்லாமல் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. குப்பத்தில் அவள் வீட்டுப் பின்சுவர் வரை கடல் வந்துவிட்டதாம். அரியாங்குப்பத்தில் உள்ளே தள்ளி ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருக்கிறாள். அதன் சொந்தக்காரர் ஆனி முடிவதற்குள் பத்திரம் முடிக்கச் சொல்கிறார். ஆடி பிறந்தால் யாரும் பத்திரம் போட மாட்டார்கள், வேறு ஆளுக்குப் போய்விடும். அதற்காக, புருஷன் வழியில் வந்த நோணாங்குப்பம் மனையை விற்க வேண்டும்.

“ஒரு ஆளு மூணு வாட்டி வந்து கேட்டுட்டான். மீனுக்கு நான் பேசுவேன். மண்ணுக்கு இன்னா பேசறதுன்னு தெரியல. மனை தரகு பண்றவ நீ, எனக்காக பேசு.”

முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினாள். கந்தவேல். பெயருக்குக் கீழே ‘நம்பிக்கையே எங்கள் முதலீடு’. அந்த வரியை எழுதிக் கொடுத்தவளே நான்தான்.

“பேசறேன்க்கா” என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

ஜூலை 2, புதன்

இனிமேல் அவன் பெயர் க. மட்டும். முழுசாக எழுத விருப்பமில்லை.

கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காக ஒரு தடவை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

க.வின் ரியல் எஸ்டேட் ஆபீசில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். அப்பா வேலை பார்த்த மில்லை மூடியபோது அவருக்குக் கிடைத்த பணத்தில் லாஸ்பேட்டையில் ஒரு மனை வாங்கியிருந்தார். ஏழு வருஷத்துக்கு முன் அதை விற்க நினைத்தார். “நம்ம அப்பா மாதிரி சுகுணா, நானே பேசி முடிச்சுத் தரேன்” என்றான் க. இதற்கு மேல் யாரும் தர மாட்டார்கள் என்றான். அப்பா தயங்கினார். அவரிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தது நான். அக்ரிமெண்டை டைப் அடித்ததும் நான். வாங்கியவர் பெயர் சேகர்.

அப்பா மறு வருஷம் இறந்துபோனார். இரண்டு வருஷம் முன்பு வேறொரு வேலைக்காகப் பக்கத்து மனைக்கு வில்லங்கம் போட்டேன். சர்வே எண்ணை மாற்றி எழுதிவிட்டதால் அப்பா மனையின் சான்று வந்தது. சேகர் மூன்றே மாதத்தில் ஒரு கம்பெனிக்கு விற்றிருந்தான். அந்தச் சேகர் யாரென்று அன்றுதான் விசாரித்தேன். க.வின் மச்சான்.

விற்பவருக்காகப் பேசுகிறேன் என்று சொல்லி, மச்சான் பெயரில் தானே வாங்கிக்கொண்டான். என்னை வைத்தே என் அப்பாவை ஏமாற்றினான்.

அன்று சாயங்காலமே வேலையை விட்டேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் உஷாராகிவிடுவான். அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

அஞ்சலக்காவோடு நோணாங்குப்பம் போனேன். படகுத் துறைக்குப் போகும் டூரிஸ்ட் வேன்கள் வரிசையாக நின்றன. ஒரு பெண் போனில் கத்திக்கொண்டிருந்தாள்: “தண்ணி எல்லாம் க்ளீனாதான் இருக்கு, நீ கெளம்பி வா!”

வரிசையாக ஐந்து மனை. நடு மனை அக்காவுடையது, மூன்று தென்னை. அது மட்டும் ரோடு வரை நீண்டிருக்கிறது. மற்ற நான்குக்கும் வழி இதன் ஊடேதான். நான்கிலும் புதுசாகச் சுண்ணாம்புக் கோடு. யாரோ மொத்தமாகச் சேர்க்கிறார்கள்.

அக்காவின் மூலப் பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறது. பிரெஞ்சுக் காலத்தில் பத்திரம் எழுதிய நொத்தேர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த கிழவரிடம் படிக்கக் கொடுத்தேன். “சுத்தமான பத்திரம், தைரியமா பேசு” என்றார்.

தென்னை மரத்தில் கை வைத்துக்கொண்டு அக்கா கேட்டாள்: “இது இல்லாம அவனால ஒண்ணும் பண்ண முடியாது, இல்ல?”

முடியாது. வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

தட்டாஞ்சாவடியில் க.வின் ஆபீஸ். ஏசி மாற்றியிருக்கிறான். நான் உட்கார்ந்த நாற்காலியில் வேறொரு பெண்.

“அட, சுகுணா! தனியா பண்றியாமே? நல்லாருக்கியா? அம்மா எப்படி இருக்காங்க?”

“நல்லாருக்காங்கண்ணா.” அண்ணா என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

விலை சொன்னான். மார்க்கெட் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். வழி மனை, யாரும் கட்ட மாட்டார்கள், விற்காது, என்றெல்லாம் பழைய பாட்டு. அந்தப் பாட்டில் எந்த இடத்தில் பெருமூச்சு விடுவான் என்பதுகூட எனக்குத் தெரியும். அக்ரிமெண்ட் மாதிரியைத் தள்ளினான். வாங்குபவர்: சேகர்.

அப்பாவின் அக்ரிமெண்டில் நான் அடித்த அதே வாசகம். ஒரு வரிகூட மாற்றவில்லை.

“யாருண்ணா இந்த சேகர்?”

“லோக்கல் பார்ட்டிம்மா. நல்ல மனுஷன்.”

“அக்காகிட்ட கேட்டு சொல்றேன்” என்று எழுந்தேன். வாசலில் புதுப் பெண் டீ கொண்டுவந்தாள். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

ஜூலை 7, திங்கள்

கேஸ் புக் செய்தாயிற்று. அம்மாவுக்கு மாத்திரையும்.

மதியம் சென்னையிலிருந்து போன். ரகுராமன் என்றார். அந்த ஐந்து மனையையும் சேர்த்து ரிசார்ட் கட்டப் பணம் போடுகிறவர் இவர்தான். என் நம்பரை எங்கேயோ பிடித்திருக்கிறார். பொறுமையில்லாத ஆள், ஆனால் பேச்சு நேர்.

“கந்தவேல் எனக்காக வாங்கித் தர்றார். மத்த நாலு மனையும் சேகர்னு ஒரு இன்வெஸ்டர்கிட்ட ஆனி கடைசி வரைக்கும் அக்ரிமெண்ட்ல இருக்கு. கந்தவேல்தான் அவர்கிட்ட போராடி விலையைக் குறைச்சிருக்கார். உங்க மனை மட்டும் இழுத்துக்கிட்டே போகுது. அதனால நானே கேக்கறேன்.”

அப்படியானால் இவருக்கும் தெரியாது. மச்சானிடம் போராடி விலை குறைத்தானாம்!

அவர் சொன்ன விலை அக்காவின் மனைக்கு முழு மார்க்கெட் விலை. ஒரே நிபந்தனை. டீல் க. வழியாகத்தான் நடக்க வேண்டும். நான்கு மனை அவன் கையில் இருப்பதால் அவனை ஒதுக்க முடியாது. ஆனி கடைசிக்குள் வழி மனை கிடைக்காவிட்டால் இவர் திட்டத்தையே விட்டுவிடுவார்.

போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். அக்காவுக்கு இதைவிட நல்ல விலை வராது. ஆனால் இந்த விலைக்கு ஒத்துக்கொண்டால் க.வின் டீலும் முடிந்து அவன் தப்பிக்கிறான். மறுத்தால், இன்னும் ஒன்பது நாளில் நான்கு மனைக்கும் க. போட்ட முன்பணமெல்லாம் போகும், பார்ட்டி போவான், பெயர் போகும்.

சேகர் யாரென்று ரகுராமனிடம் இப்போதே சொல்லலாம்தான். கோபத்தில் அவர் எல்லாவற்றையும் உதறிவிட்டால் அக்காவுக்கும் ஒன்றும் இல்லை. இல்லாவிட்டால் க. காலில் விழுந்து சமாளிப்பான். அதில் அவன் கெட்டிக்காரன்.

அக்காவுக்குப் போன் செய்யவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மார்க்கெட். சங்கரா மீன் வாங்கினேன்.

“எதுனா சொன்னானா?” என்றாள் அக்கா, செதில் தேய்த்தபடி.

“இன்னும் இல்லக்கா. கொஞ்சம் பொறுங்க, ஏறும்.”

பக்கத்துக் கடைக்காரி: “பொறு பொறுன்னு கடல் பொறுக்குமா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சாப்பாட்டில் மீனைப் பாதியிலேயே ஒதுக்கி வைத்தேன். முள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஜூலை 9, புதன்

க. நான்கு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நிம்மதியாக ஒரு புதன்கிழமை இருந்து ரொம்ப நாளாயிற்று.

ஐந்தாவது போன் அக்காவின் மகனிடமிருந்து. அலையில் வீட்டின் பின்சுவர் சரிந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. பாத்திரம், அரிசி டப்பா எல்லாம் தண்ணீரில்.

போய்ப் பார்த்தேன். சமையலறையில் நின்றால் நேராகக் கடல். அக்கா ஈர அரிசியை ஒரு புடவையில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். “வா” என்றாள். அவ்வளவுதான். நானும் உட்கார்ந்து பரப்பினேன். சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். க.வின் பழைய ஆபீஸ் நாற்காலி, அப்பாவின் கையெழுத்து, இவைதான் கண்முன் வந்தன. சொல்லவில்லை.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இன்னும் ஏழு நாள்தான் என்று எண்ணிக்கொண்டும் இருக்கிறேன். இரண்டும் உண்மை.

ஜூலை 11, வெள்ளி

காலை ஆறரைக்குக் கதவு இடிபட்டது. அஞ்சலக்கா. மார்க்கெட்டுக்குப் போகிற வழி, தலையில் கூடை.

“திங்கக்கெழமையே வெல வந்துச்சாமே?”

நேற்று க. நேராக அவள் கடைக்கே போயிருக்கிறான். ‘உங்க ஆளு சொல்லலியா?’ என்று கேட்டிருக்கிறான்.

பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். லாஸ்பேட்டை மனை, சேகர், நான் அடித்த அக்ரிமெண்ட், நிபந்தனை, நான் எண்ணிய நாட்கள். அம்மா சமையலறையில் இருந்தாள், அதனால் மெதுவாகச் சொன்னேன்.

அக்கா கூடையை இறக்கவே இல்லை. முழுசும் கேட்டாள்.

“என் சுவரு சாஞ்சப்ப வந்து அரிசி பரப்பினியே. அப்பவும் தெரியும் உனக்கு.”

“தெரியும்க்கா.”

“அவன் உங்கப்பனுக்கு பேசறேன்னு சொல்லி அவனுக்கு பேசிக்கினான். நீ எனக்கு பேசறேன்னு சொல்லி உனக்கு பேசிக்கினு கீற. இதுல இன்னா வித்தியாசம்?”

அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மீன் தண்ணீர் சொட்டி அவள் தோளில் இறங்கியது.

பிறகு: “அந்த சென்னைக்காரருக்கு போன் போடு. அந்த வெலைக்கு தரேன்னு சொல்லு. அவன் வழியாவே நடக்கட்டும். ஆனா என் பக்கமும் ஒரு நிபந்தனை கீதுன்னு சொல்லு.”

“என்னக்கா?”

“உங்கப்பன் மனைய அவன் எவ்ளோக்கு வித்தான்?”

“தெரியாதுக்கா. பத்திரத்துல கம்மியா காட்டியிருக்கான். நிஜ வெல தெரியாது.”

“நான் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, அவன் வாயால உனக்கு சொல்லணும். சொன்னாதான் போடுவேன்.” கூடையைச் சரிசெய்துகொண்டாள். “உனுக்காக இல்ல. எனக்கு பேசற ஆளு பாதி மனசோட வரக்கூடாது.”

ஜூலை 12, சனி

ரகுராமனிடம் சொன்னேன். நிபந்தனை என்ன என்று கேட்டார். பழைய விஷயம் ஒன்று, கந்தவேலுக்கும் எனக்கும், பணம் இல்லை, என்றேன். “பணம் இல்லேன்னா எனக்குக் கவலை இல்லை” என்றார். ஏற்பாடு: திங்கள் அக்காவின் வழி மனை. அது சரியாக முடிந்தால் மற்ற நான்கும் புதன்கிழமை, ஆனி கடைசி நாள்.

க.வுக்கு நானே போன் செய்தேன். நிபந்தனையைச் சொன்னேன். பின்னால் யாரோ காய்கறி பேரம் பேசுவது மட்டும் கேட்டது.

“உனக்கு எப்போ தெரியும்?”

“ரெண்டு வருஷமா.”

“பழசையெல்லாம் ஏம்மா கிளறுற…”

“திங்கக்கெழமை பதினோரு மணிண்ணா.”

பிரேக் சரிசெய்தாயிற்று.

ஜூலை 14, திங்கள்

லேசான தூறல், பிறகு சுள்ளென்று வெயில். பதிவு ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுபவரின் அறை. அக்கா, அவள் மகன், நான், க. ரகுராமன் சார்பில் ஒரு பையோடு வந்த மேனேஜர் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தார். வங்கிச் செக்கை நான் சரிபார்த்தேன். தொகை சரி, பெயர் சரி.

பத்திரத்தை அக்கா முன்னால் வைத்தார்கள். அவள் பேனாவை எடுக்கவில்லை. க.வைப் பார்த்தாள்.

“சொல்லு.”

வெள்ளைச் சட்டை, விபூதி. போனையே பார்த்துக்கொண்டு சொன்னான், மின் கட்டணம் படிப்பதுபோல. அப்பாவுக்குக் கொடுத்ததைப் போல இரண்டரை மடங்கு.

எவ்வளவோ நாள் கற்பனை செய்திருக்கிறேன், இதைக் கேட்டதும் அவனை என்ன செய்வேன் என்று. கையிலிருந்த செக்கை இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

“போதுமா?” என்றான். போதாதென்று அவனே தொடர்ந்தான். “இன்னொண்ணும் கேட்டுக்கோ. உங்கப்பாவுக்குத் தெரியும். வித்த ஆறாம் மாசமே கண்டுபிடிச்சிட்டாரு. ஆபீஸ் பக்கத்து டீக்கடைல நின்னு என்னைக் கூப்ட்டாரு. நீ உள்ளதான் இருந்த. சண்டை போடுவாருன்னு பாத்தேன். ‘எம் பொண்ணுக்கு இது தெரிய வேணாம். தெரிஞ்சா உன்கிட்ட இருக்க மாட்டா. அவ சம்பளத்துலதான் வூடு ஓடுது’ன்னாரு. நான் உன்னை வேலையை விட்டு அனுப்பவே இல்லல்ல? சம்பளம் ஏத்தினேன்ல?”

நல்லது செய்ததுபோல் சொன்னான். நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறான்.

அக்கா என்னைப் பார்த்தாள். “போடட்டா?”

“போடுங்கக்கா.”

போட்டாள். பதிவு, போட்டோ, ரேகை, எல்லாம் இரண்டு மணிக்குள் முடிந்தது. செக்கை அவள் மகனோடு வங்கிக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

“லாஸ்பேட்டை மனை விஷயம் உனக்குத் தெரியுமாம்மா?”

கை நிற்கவில்லை. காம்பை ஒதுக்கினாள், இலையை உருவினாள்.

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“உங்கப்பா சத்தியம் வாங்கிட்டாரு. நீதான் அவர சம்மதிக்க வெச்ச. தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னாரு.”

கடைசி வருஷத்தில் அப்பா என் ஆபீசைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் க.வின் பெயரைச் சொன்னால் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார். வயசாகிவிட்டது, எதிலும் அக்கறை இல்லை என்று நினைத்தேன். ஒரு தடவை அம்மாவிடம் குறைகூடச் சொன்னேன்.

க.வுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அப்பா போன பிறகும் நாலு வருஷம். தினமும் காலையில் நான் வணக்கம் சொல்லும்போது தெரிந்துதான் தலையாட்டியிருக்கிறான். அப்பாவின் சாவுக்கு மாலையோடு வந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சம்பளம் ஏத்தினானாம்.

ஜூலை 15, செவ்வாய்

அரியாங்குப்பம் வீடு அக்கா பெயருக்குப் பத்திரமானது. மதியம் ஒன்றே முக்கால் மணிக்கு. ஆவணியில் பால் காய்ச்சுகிறாள். அதுவரை சாமான்களை மட்டும் கொண்டுபோய் வைப்பாளாம்.

என் தரகுப் பணத்தைக் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். “வேல பண்ண இல்ல? புடி” என்று பைக்குள் திணித்தாள். பிறகு, ஆட்டோவில் ஏறும்போது:

“என் வேல முடிஞ்சுது. இனிமே அவன நீ இன்னா வேணா பண்ணு. என் வூட்ட நடுவுல வெச்சுக்கினு பண்ணாத.”

“சரிக்கா.”

இனி நான் அவளுக்காகப் பேசுகிறவள் இல்லை. யாருக்காகவும் இல்லை.

வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைந்தேன். க. தன் மகளுக்குக் காது குத்தியபோது அடித்த பத்திரிகை கிடைத்தது. நான்தான் அச்சகத்துக்கு அலைந்தேன், பெயர்களை அப்போது கவனிக்கவில்லை. கீழே: தாய்மாமன், சேகர். தகப்பன் பெயர், தெரு, எல்லாம் முழுசாக. அதைப் படம் எடுத்தேன். க. எனக்குக் கொடுத்த அக்ரிமெண்ட் மாதிரியையும் எடுத்தேன். இரண்டிலும் அதே பெயர், அதே தகப்பன், அதே தெரு.

ஐந்து மணிக்கு ரகுராமனுக்கு அனுப்பினேன். ஒரே வரி: ‘நான்கு மனைக்கு உங்களுக்காக விலை குறைத்த சேகர், கந்தவேலின் மனைவியின் தம்பி. சொந்தக்காரர்களுக்கு உண்மையில் என்ன விலை பேசப்பட்டது என்று அவர்களையே கேளுங்கள்.’

நீல டிக் வர ஆறு நிமிஷம். ஏழாவது நிமிஷம் போன் வந்தது. எடுத்தேன். கத்தவில்லை. “ஓனர்கள் நம்பர் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். நோணாங்குப்பம் போன அன்றே விசாரித்துக் குறித்து வைத்திருந்ததைக் கொடுத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். “சாப்பிட்டியா?” என்றாள்.

ஜூலை 16, புதன்

ஆனி கடைசி. பதிவு ஆபீசில் தேர்க்கூட்டம். எனக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் பத்து மணிக்கே போய் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன்.

க. வந்திருந்தான். சேகரும். நான்கு சொந்தக்காரர்கள் வேப்பமர நிழலில், இஸ்திரி போட்ட சட்டையும் கையில் பைகளுமாக. ஒரு பெரியவர் மட்டும் ஓயாமல் மணி கேட்டுக்கொண்டிருந்தார். மணி கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு நான் என்ன கெடுதல் செய்தேன், என்ன நல்லது செய்தேன், தெரியவில்லை.

பதினொன்று. பன்னிரண்டு. சென்னைக் கார் வரவில்லை. க. போன் போட்டான், போட்டான், சேகரின் போனை வாங்கிப் போட்டான். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒரு மணிக்கு அந்தப் பெரியவருக்கு ஒரு போன் வந்தது. பேசிவிட்டு, க.வை ஒரு பார்வை பார்த்தார். மற்ற மூவரிடமும் ஏதோ சொன்னார். நால்வரும் வெயிலில் இறங்கி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்கள். க. பின்னாலேயே ஓடினான். பெரியவர் குடையை விரித்தார், திரும்பவில்லை.

என் போனில் ரகுராமன்: ‘அவர்களிடமே நேராகப் பேசிவிட்டேன். ஆவணியில் வாங்குகிறேன். கந்தவேல் வேண்டாம். நீங்கள் எனக்காகப் பேச முடியுமா?’

‘முடியாது. அவர்கள் கேட்டால் அவர்களுக்காகப் பேசுவேன்’ என்று அனுப்பினேன்.

நிமிர்ந்தபோது க. எதிரே நின்றிருந்தான். விபூதி வேர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. திட்டுவான் என்று நினைத்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு, பழைய ஆபீஸ் குரலில்:

“திருப்தியா சுகுணா?”

யோசித்தேன். நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன்.

“இல்லண்ணா” என்றேன். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.